கேபிள் கார் மாடலில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சான் பிரான்சிஸ்கோ கேபிள் காரை மரத்திலும் பித்தளையிலும் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சிக்கல் என்னவென்றால், கோளாறு கண்ணில் படுகிற இடம் ஒன்றாகவும் அது உட்கார்ந்திருக்கிற இடம் வேறாகவும் இருக்கும். கூரையில் விரிசல் தெரியும், காரணம் தரைப்பலகையில் இருக்கும். கிரிப் (தெருவுக்கு அடியில் ஓடும் கயிற்றைக் கவ்வும் இடுக்கி) பிடிக்கவில்லை என்று அதன் தாடையை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பீர்கள், கோளாறு தண்டவாளத்துக்கு அடியில் ஏதோ ஒரு கப்பியில் இருக்கும். அதனால் எதையும் பிய்த்து எடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். ஒட்டியதைப் பிரிப்பது கடைசி வேலை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பவல் தெரு வண்டி, 1:24 அளவில். நிஜ வண்டி 27 அடி 6 அங்குல நீளம், 8 அடி அகலம். மாடலில் அது 349 மி.மீ., கிட்டத்தட்ட 102 மி.மீ. கலிபோர்னியா தெரு வண்டி கட்டுகிறீர்கள் என்றால் 30 அடி 3 அங்குலம், மாடலில் 384 மி.மீ. இந்த வண்டிக்குள் மோட்டார் கிடையாது என்பதை மட்டும் மறக்கவே கூடாது. தெருவுக்கு அடியில் சுமார் 32 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கயிறு மணிக்கு 9.5 மைல், அதாவது 15 கி.மீ. சொச்சம் வேகத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், கிரிப்மேன் அதை இறுக்கிப் பிடித்தால் வண்டி நகரும், விட்டுவிட்டுப் பிரேக் போட்டால் நிற்கும். 1873 ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஹாலிடி கிளே தெருச் சரிவில் சோதித்துக் காட்டிய ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் அதேதான். ஷோகேசில் வைக்கிற மாடல் போதும் என்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். நிஜமாகவே கயிற்றைப் பிடித்து மேடேற வேண்டும் என்கிறவர்களுக்குப் பின்பாதி.

மேசையில் வைத்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது

முதலில் மேசையைச் சந்தேகப்படுங்கள். வீட்டு மேசை எதுவும் மட்டமாக இருக்காது. கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. கண்ணாடியில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதுதான் இந்த வேலை முழுக்க உங்கள் மட்டப்பலகை. வண்டியை அதன் மேல் வைத்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். எந்தச் சக்கரத்தில் தடையில்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டு சக்கரச் சட்டங்களையும் (நான்கு நான்கு சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்கள்) கழற்றிவிட்டு உடற்பகுதியை மட்டும் கண்ணாடியில் வையுங்கள். ஆடினால் தரைப்பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆடவில்லை, ஆனால் சக்கரச் சட்டம் தனியாக வைத்தாலே ஆடுகிறது என்றால் அச்சுத் துளைகள் ஒரே உயரத்தில் இல்லை. இரண்டாவது எளிது, துளையை நீள்வட்டமாக ராவி, அச்சைக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும்படி வைத்து, பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்றை மேலே பற்றவைத்துத் துளையைப் புதிதாக்கிவிடலாம்.

தரைப்பலகை முறுக்கியிருந்தால்தான் எல்லோரும் தப்பான பக்கம் போகிறார்கள். எதிர்த்திசையில் வளைத்துக் க்ளாம்ப் போட்டு ஒரு ராத்திரி வைப்பார்கள், காலையில் நேராக இருக்கும், ஒரு வாரத்தில் ப்ளைவுட் தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பதிலாக வண்டியை மூன்று புள்ளியில் உட்கார வையுங்கள். முன் சக்கரச் சட்டம் பக்கவாட்டில் ஆடக் கூடாது, முன்பின்னாக மட்டும் சாயலாம். பின் சக்கரச் சட்டம் ஒரே ஒரு திருகில், நடுவில் சின்ன வாஷர் வைத்து, எந்தப் பக்கமும் தாராளமாகச் சாயும்படி தொங்க வேண்டும். அரை மி.மீ. முறுக்கல் இருந்தால்கூட எட்டுச் சக்கரமும் தரையைத் தொடும். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது, அவ்வளவுதான் விஷயம்.

எடையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நிஜ பவல் வண்டி ஏறக்குறைய 15,500 பவுண்டு, 7 டன். அதை 24இன் கனத்தால் வகுத்தால் 510 கிராம் வருகிறது. மரத்தில் கட்டிய வண்டி அதில் பாதிகூட இருக்காது, அதனால்தான் தட்டினால் துள்ளுகிறது. தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கித் தரைப்பலகைக்கு அடியில், இரு சக்கரச் சட்டங்களுக்கும் நடுவே ஒட்டுங்கள். கூரைக்குள் ஒளித்து வைக்கிறேன் என்று ஆரம்பித்தால் முதல் வளைவிலேயே கவிழும்.

தண்டவாளத்தில் சக்கரம் பொருந்தவில்லை

நிஜப் பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம், 1067 மி.மீ. 1:24இல் அது 44.5 மி.மீ. தோட்டத்தில் ஓடுகிற பெரிய மாடல் ரயில்களுக்கான 45 மி.மீ. தண்டவாளம் அப்படியே பொருந்தும், இது பெரிய அதிர்ஷ்டம். 1:87இல் கட்டுகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். அந்த அளவுக்கு எல்லோர் வீட்டிலும் இருக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் சாதாரண அகல ரயில் பாதைக்கானது. கேபிள் காருக்கு 12.3 மி.மீ. வர வேண்டும், ஆகவே 12 மி.மீ. பாதை வாங்குங்கள். 16.5இல் நிறுத்தினால் வண்டி கால் அகட்டி நிற்கும், ஏன் என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

கூரையில் விரிசல்

பவல் வண்டிக் கூரையின் நடுப்பகுதி உயர்ந்தும் இரு பக்கமும் ஒரு படி இறங்கியும் இருக்கும். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டுகிற இடம், வெடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

பட்டைகளின் நீளவாக்கிலேயே, இரண்டு பட்டைகளுக்கு நடுவில் ஓடினால் அது ஈரப்பதம். மரம் நார்க்குறுக்கே உப்பும், சுருங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒட்டிய கூரை சித்திரையில் வாய் பிளக்கும். உடனே பட்டி வைக்காதீர்கள். வண்டியை அது கடைசியில் நிற்கப்போகிற அறையிலேயே சில வாரம் விட்டுவிட்டு, மரம் அடங்கிய பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து ஒரே விரிப்பாக ஒட்டுங்கள். அந்தக் கால மரவண்டிகளின் கூரைக்கு மேல் கான்வாஸ் ஒட்டிப் பெயின்ட் அடிப்பதுதான் வழக்கம், எனவே இது ஏமாற்று வேலை இல்லை. துணியின் நெசவு பெயின்ட்டுக்குள் லேசாகத் தெரிந்தால் இன்னும் நல்லது.

விரிசல் மூலையிலிருந்து சாய்வாகப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் கதை வேறு. வண்டியின் இரு முனைகளையும் பிடித்து, துணி பிழிவது போல் மிக லேசாக முறுக்கிப் பாருங்கள். விரிசல் திறந்து மூடினால் கூரையில் தப்பே இல்லை, தரைப்பலகை முறுக்குகிறது, அந்த முறுக்கலை முன்பக்கத்துத் திறந்த பகுதியின் மெல்லிய கம்பங்கள் தாங்க முடியாமல் கூரைக்கு அனுப்புகின்றன. பட்டி வைத்தால் பத்து நாளில் அதே இடத்தில் திரும்ப வரும். தரைப்பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு பித்தளை 'ட' வடிவப் பட்டைகளை எபாக்சியில் ஒட்டிவிட்டு அப்புறம் கூரைக்கு வாருங்கள்.

ஜன்னலில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி மங்கல்

சூப்பர் க்ளூ. வேறு காரணம் தேடவே வேண்டாம். அந்தப் பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அக்ரிலிக் மேல் படிகிறது. மூடிய அறைப்பகுதிக்குள் ஜன்னல் வைத்த பிறகு வேறு எதையாவது உள்ளே சூப்பர் க்ளூவால் ஒட்டினாலும் இதே கதிதான். மைக்ரோஃபைபர் துணியில் பிளாஸ்டிக் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கை நுழையாத இடம் என்றால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். இனிமேல் ஜன்னலுக்கு வெள்ளைப் பசைதான், அதுவும் நான்கு மூலைகளில் ஊசி முனையளவு.

நிறங்கள் சந்திக்கும் கோடு கசிந்திருக்கிறது, எழுத்துகளைச் சுற்றி வெள்ளி வளையம்

கசிவுக்கு டேப்பைத் திட்டுவார்கள். மரத்தின் நார் வழியாகத்தான் பெயின்ட் ஊர்ந்து போகிறது, எவ்வளவு விலையுள்ள டேப்பும் இதைத் தடுக்காது. கிரீம் நிறம் அடித்துக் காய்ந்த பின் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் அதே கிரீம் நிறத்தை இன்னொரு முறை மெல்லியதாக அடியுங்கள். கசிய வேண்டியது கிரீமாகவே கசிந்து வழியை அடைத்துவிடும், பிறகு மரூன் அடித்தால் கோடு கத்தி மாதிரி நிற்கும். டேப்பை முழுதும் காய்வதற்கு முன்னாலேயே, மேலே தூக்காமல் பின்னோக்கி மடித்து உரியுங்கள்.

தங்க நிற எண்களையும் எழுத்துகளையும் நீர்ப்படமாக (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டும்போது சுற்றி வெள்ளியாக மின்னினால், படத்துக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மேட் பெயின்ட்டின் சொரசொரப்புதான் காரணம். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் படம், கடைசியில் முழுவதற்கும் அரைப் பளபளப்பு. ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் ஊசியால் பல இடங்களில் குத்திப் படத்தை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள், முக்கால்வாசி அடங்கும்.

பிடிகம்பிகள் வரிசையாக நிற்கவில்லை

ஃபுட்போர்டில் தொங்குகிறவர்கள் பிடிக்கிற கம்பிகள்தான் இந்த வண்டியின் முகம், ஒன்று சாய்ந்தாலும் கண் நேராக அங்கே போகும். தரையிலும் கூரை விளிம்பிலும் தனித்தனியாகத் துளை போட்டால் ஒருநாளும் நேராக வராது. இரண்டையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கட்டி, ஒரே நேரத்தில் துளையுங்கள். வண்டி ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டது என்றால் கீழ்த் துளையை மட்டும் பெரிதாக்கி, கம்பியை மேலே மாட்டி, மூலைமட்டம் வைத்து நிறுத்தி எபாக்சி விடுங்கள். கீழே சின்ன வாஷர் வளையம் போட்டுவிட்டால் பெரிய துளை மறைந்துவிடும், நிஜத்திலும் கம்பி அடியில் ஒரு பூண் இருப்பது மாதிரியே தெரியும். வார்னிஷ் அடிக்காத பித்தளை கைபட்டுக் கறுக்கும், பொருத்தும் முன்பே அடித்துவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் பொம்மை மாதிரித் தெரிகிறது

பெரும்பாலும் இது கைவேலையின் குறை இல்லை, காலக் குழப்பம். ஒரு படத்திலிருந்து நிறம், இன்னொன்றிலிருந்து பெயர்ப்பலகை, மூன்றாவதிலிருந்து ஆட்கள் என்று கலந்து கட்டினால் விவரம் தெரியாதவருக்கும் ஏதோ இடிக்கும். முதலில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து அட்டையில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள். அப்புறம் இவற்றைச் சரிபாருங்கள்.

பவல் வண்டி ஒருபக்க வண்டி. முன்னால் திறந்த பகுதி, அங்கேதான் கிரிப்மேனின் நெம்புகோல்கள், வெளிப்பக்கம் பார்த்த பெஞ்சுகள், அதற்குப் பின்னால் மூடிய அறை, கடைசியில் கண்டக்டர் நிற்கும் பின்மேடை. கலிபோர்னியா வண்டியில் மூடிய அறை நடுவில், இரு முனையிலும் திறந்த பகுதி, எந்தப் பக்கமும் ஓட்டலாம். கலிபோர்னியா வண்டி உடலைக் கட்டி அதில் ஒரு முனைக்கு மட்டும் நெம்புகோல் வைத்து, பக்கத்தில் "பவல் & மேசன்" பலகை மாட்டியிருந்தால் அது எந்த ஊரிலும் ஓடாத வண்டி. இன்றைய எண்களும் உதவும்: பவல் வண்டிகள் 1 முதல் 28 வரை, கலிபோர்னியா வண்டிகள் 49 முதல் 60 வரை.

"பவல் & ஹைட்" பலகை மாட்டி 1940களின் கார்களைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்களா? அந்தத் தடம் 1957இல்தான் வந்தது, பழைய தடங்களின் துண்டுகளை இணைத்து. 1940களின் காட்சி வேண்டுமென்றால் பவல்–மேசன் தடம் பத்திரமானது. 1947இல் மேயர் ரோஜர் லாஃபம் பவல் தெரு வண்டிகளை எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்றபோது ஃபிரீடல் கிளஸ்மன் பெண்களைத் திரட்டிப் போராடி வாக்கெடுப்பில் ஜெயித்தாரே, அந்தக் காலத்தைக் காட்டுவதற்கு வேறு அலங்காரமே தேவையில்லை. நிறத்தைப் பொறுத்தவரை 1960களின் படங்களில் பவல் வண்டிகள் பச்சையும் கிரீமுமாக இருக்கும். இப்போது சுற்றுலாப் படங்களில் பார்க்கிற மரூன் வண்டிகளை வைத்து அந்தக் காலத்துக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். 1982இல் முழுப் பாதையையும் நிறுத்திப் பிரித்துக் கட்டி 1984 ஜூனில்தான் திறந்தார்கள், ஆகவே 1983 என்று தேதி போட்டுத் தெருவில் கூட்டத்தோடு ஓடுகிற வண்டியைக் காட்டினாலும் தப்பு.

பொம்மை ஆட்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1965 வரை பெண்கள் ஃபுட்போர்டில் நின்று போக அனுமதி இல்லை. அந்த வருடம் ஒரு மாணவி பிடிவாதமாக நின்று வழக்கத்தை உடைத்தார். 1950களின் வண்டியில் கவுன் போட்ட பெண் வெளியே தொங்கினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடுவதும் பொம்மைத்தனம். ஒவ்வொரு சக்கரச் சட்டத்திலும், இரு பக்கமும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஒரு மரக்கட்டை தொங்கும். அது பாதை பிரேக், நெம்புகோலை இழுத்தால் கட்டை தண்டவாளத்தின் மேல் அழுந்தும், சரிவில் இறங்கும்போது கருகும் வாசனை வரும், சில நாளில் தேய்ந்து மாற்ற வேண்டியதாகிவிடும். அதைக் கறுப்பாக அடித்துவிடாதீர்கள். பைன் மரச் சில்லை அப்படியே வைத்து, அடிப்பக்கத்தை மட்டும் மெழுகுவத்தியில் லேசாகத் தீய்த்து, தண்டவாளத்திலிருந்து அரை மி.மீ. உயரத்தில் ஒட்டுங்கள். இதே மாதிரி, அவசரப் பிரேக்கின் நெம்புகோல் சிவப்பு. அதை இழுத்தால் எஃகு ஆப்பு ஒன்று, கிரிப் இறங்கிப் போகிற தெருவின் நடுப்பிளவுக்குள் இறங்கி அப்படி இறுகிக்கொள்ளும், சில சமயம் டார்ச்சால் வெட்டித்தான் எடுப்பார்கள்.

கயிறு ஓடுகிறது, வண்டி நகரவில்லை

இனி ஓடும் மாடல். கிரிப்பைத் தொடும் முன் ஒரு கணக்கு. ஹைட் தெருவின் மிகச் செங்குத்தான இடம் சுமார் 21 சதவீதச் சரிவு, அதாவது ஒரு மீட்டருக்கு 21 செ.மீ. ஏற்றம். 510 கிராம் வண்டியை அதில் பிடித்து நிறுத்தவே 105 கிராம் எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும், உராய்வையும் சேர்த்தால் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கையில் எடுத்து, கிரிப்பில் ஒரு துண்டுக் கயிற்றைக் கவ்வவைத்து, மறுமுனையில் 150 கிராம் கட்டித் தொங்கவிடுங்கள். நழுவினால் கோளாறு கிரிப்பில்தான். நழுவவில்லை என்றால் கிரிப்பை விட்டுவிட்டு இயக்குகிற கப்பிக்குப் போங்கள்.

கிரிப்பில் நழுவினால் முதலில் பசையும் எண்ணெயும் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பி அச்சுக்கு விட்ட எண்ணெய் கயிறு வழியாகத் தாடைக்கு வந்து சேர்ந்திருக்கும், ஸ்பிரிட்டில் துடையுங்கள். அப்புறம் தாடையின் உட்பக்கம்: வெறும் பித்தளை, நூலைப் பிடிக்காது, மெல்லிய தோல் அல்லது ரப்பர் ஒட்ட வேண்டும். கடைசியாகத் தண்டு. தெருவின் பிளவு நிஜத்தில் இரண்டு செ.மீ. அளவுதான், 1:24இல் ஒரு மி.மீ.க்கும் குறைவு. அதற்குள் போக வேண்டுமென்றால் கிரிப்பின் தண்டு அரை மி.மீ. எஃகுத் தகடாக இருக்க வேண்டும். பித்தளைத் தகடு போட்டால் பக்கவாட்டில் வளைந்து தாடையைத் திறந்துவிடும். நான் பிளவை 1.5 மி.மீ. வைப்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஓடாத அசலைவிட ஓடும் நகல் மேல்.

இயக்கும் கப்பியில் நழுவினால் வழி வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் நிஜ இயந்திரக் கூடத்திலேயே இருக்கிறது. அங்கே கயிறு ஒரே சக்கரத்தை அரைச்சுற்றுச் சுற்றித் திரும்பிவிடாது, இரண்டு பெரிய சக்கரங்களுக்கு இடையே 8 போல் குறுக்கே சுற்றிப் போகும், அதனால் சக்கரத்தைத் தொடும் நீளம் கூடுகிறது. அப்புறம் இன்னொரு சக்கரம் சின்னத் தண்டவாளத்தில் நகரும் வண்டியில், எடை கட்டி, கயிற்றின் தொய்வை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் அப்படியே செய்யுங்கள். இழுவிசையை ஸ்பிரிங்கில் விடாதீர்கள், நீள நீள அதன் இழுப்பு மாறும், எடை மாறாது. 200 கிராமில் ஆரம்பித்து நழுவல் நிற்கும் வரை கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம், ஏனென்றால் அளவுக்கு மீறி இழுத்த கயிறு பள்ளத்தில் எழும்பும், அதைக் கீழே பார்ப்போம்.

ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று ஒரு அதிர்ச்சி

முடிச்சு. கப்பிக் காடியில் முடிச்சு ஏறும்போதும் கிரிப்புக்குள் நுழையும்போதும் வருகிற சத்தம் அது. நிஜக் கயிற்றை இணைக்கும்போது ஆறு புரிகளையும் நீளமாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று பின்னுவார்கள், தடிமன் கூடாது. மாடலில் தூண்டில் நரம்பு வேண்டாம், அது நீளும், முடிச்சும் பெரிது. உள்ளே குழாய்போல் வெறுமையாக இருக்கும் பின்னல் நூல் கிடைக்கிறது, ஒரு முனையை ஊசியில் கோத்து மறுமுனையின் கூட்டுக்குள் 8, 10 செ.மீ. செருகி, இன்னொரு முனையை அதேபோல் இந்தப் பக்கம் செருகி இழுத்தால் இழுக்க இழுக்க இறுகும். முடிச்சே இல்லை. முனைகளை உள்ளே நுழைக்கும் முன் சாய்வாக வெட்டி மெலிதாக்குங்கள். 1.3 மி.மீ. நூல் எடுத்தால் அளவும் சரியாக அமையும்.

டக் சத்தம் சுற்றுக்கு ஒரு முறை வராமல் வேகமாக அடுத்தடுத்து வந்தால் முடிச்சு இல்லை, ஏதோ ஒரு சின்னக் கப்பி முட்டைவடிவில் துளையிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றாக விரலால் நிறுத்திப் பாருங்கள்.

வண்டி ஓடுகிறது, ஆனால் பறக்கிறது

மணிக்கு 9.5 மைல் என்பது 1:24இல் நொடிக்கு 177 மி.மீ. நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும் கியர் மோட்டாரில் 56 மி.மீ. விட்டமுள்ள கப்பி போட்டால் 176 வந்துவிடும், ரெகுலேட்டரே தேவையில்லை. வேகமான மோட்டாரை வாங்கி வோல்டேஜைக் குறைத்து ஓட்டாதீர்கள், ஏற்றத்தில் திணறும். கிரிப் சட்டென்று கவ்வினாலும் வண்டி பாய்வது மாதிரித் தெரியும். கிரிப்பைத் திறந்து மூடும் சர்வோவை (சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பும் சின்ன மோட்டார்) மெதுவாக மூடவையுங்கள், நிஜக் கிரிப்மேனும் முதலில் கயிறு வழுக்கும்படி லேசாகப் பிடித்துத்தான் பின் இறுக்குவார்.

மேட்டு உச்சியில் அடி உரசுகிறது, பள்ளத்தில் கயிறு கிரிப்பை விட்டு எழும்புகிறது

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் நல்லது, இரண்டுக்கும் காரணம் சரிவு மாறுகிற இடத்தில் வைத்த வளைவின் கூர்மை.

சக்கரச் சட்டங்களுக்கு இடையே 200 மி.மீ. தூரம் என்று வையுங்கள். மேட்டின் வளைவுக்கு ஒரு மீட்டர் ஆரம் கொடுத்தால், வண்டியின் நடுப்பகுதியில் தண்டவாளம் 5 மி.மீ. உயர்ந்து நிற்கும். அந்த 5 மி.மீ. உங்கள் கிரிப்புக்கும் பிரேக் கட்டைகளுக்கும் இருக்கிற இடைவெளியை மொத்தமாகத் தின்றுவிடும். இரண்டு மீட்டர் ஆரம் என்றால் 2.5 மி.மீ.தான். இடம் இல்லாதவர்கள் கிரிப்பை முன் சக்கரச் சட்டத்துக்கு எவ்வளவு அருகில் நகர்த்த முடியுமோ நகர்த்துங்கள், சக்கரத்துக்கு மேல் உயரம் மாறாது. உச்சியில் கயிற்றைத் தாங்க அடுத்தடுத்து சின்னக் கப்பிகள் வேண்டும், ஒன்றே ஒன்று வைத்தால் கயிறு அங்கே மடங்கி வண்டி ஏறி இறங்கும்போது குலுங்கும்.

பள்ளத்தில் நடப்பது நேர் எதிர். இழுபட்ட கயிறு நேர்கோட்டில்தான் போகப் பார்க்கும், பள்ளத்தின் அடியில் அது தான் ஓடுகிற கால்வாயை விட்டுத் தண்டவாளத்துக்கு மேலேயே வந்துவிடும். நிஜப் பாதையில் இப்படிப்பட்ட இடங்களில் கயிற்றைக் கீழே அழுத்தி வைக்க ஏற்பாடு உண்டு. மாடலில் எளிய வழி: கிரிப்பின் தாடையை ஒரு பக்கமாகத் திறக்கும்படி கட்டுங்கள், கால்வாயின் எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் கம்பியில் ஒரு சின்னக் கப்பி கயிற்றின் மேல் உட்காரட்டும். கிரிப் வரும்போது கப்பி விலகி வழிவிட்டுத் திரும்ப உட்காரும். இதைச் செய்த பிறகும் கயிறு எழும்புகிறதென்றால் இழுவிசை எடையைக் குறைத்துப் பாருங்கள், பலர் இங்கே கப்பியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எடை 400 கிராமில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு தடங்கள் வெட்டும் இடத்தில் கிரிப் மாட்டிக்கொள்கிறது

பவலும் கலிபோர்னியாவும் சந்திக்கும் முனையைக் கட்டியிருந்தால் இது வரும், வரவும் வேண்டும். நிஜத்தில் அங்கே கலிபோர்னியா கயிறு மேலே, பவல் கயிறு கீழே. பவல் வண்டி கயிற்றை விட்டுவிட்டு உந்துவேகத்தில் கடந்து போய் மறுபக்கம் மீண்டும் பிடிக்க வேண்டும். விடாமல் வந்தால் இன்னொரு கயிற்றையே அறுத்துவிடும் அபாயம். மாடலில் சந்திப்புக்கு 15 செ.மீ. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு காந்தமும், வண்டியில் ரீட் சுவிட்சும் (காந்தம் அருகில் வந்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, அங்கே சர்வோ தானே திறக்கும்படி செய்யுங்கள். வண்டி நடுவில் நின்றுவிடுகிறது என்றால் சக்கரம் உராய்கிறது. கிரிப் திறந்த நிலையில் ஒரு சதவீதச் சரிவில் வண்டி தானாக உருண்டு போகாவிட்டால் அச்சுகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இறக்கத்தில் கிரிப் பிடித்திருந்தும் வண்டி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது

இறக்கத்தில் கயிறுதான் வண்டியைத் தடுத்துப் பிடிக்கிறது. வண்டியின் எடை மோட்டாரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றால் கியர் தளர்வானது. வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) உள்ள மோட்டாராக மாற்றுங்கள், அதை வெளியிலிருந்து சுழற்ற முடியாது. இல்லையென்றால் அதே கயிற்றில் எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டியை ஏற்றத்தில் விடுங்கள். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டியை இழுத்துக் கொடுக்கும், மோட்டாருக்கு உராய்வு மட்டும்தான் மிச்சம்.

திருப்புமேடையில் ஏறும்போது தடம் புரள்கிறது

பவல் வண்டிகளுக்குத்தான் திருப்புமேடை வேண்டும், கலிபோர்னியா வண்டிக்கு வேண்டாம். மேடையைக் காலியாக வைத்து மட்டம் பார்த்தால் சரியாகவே இருக்கும், முன் சக்கரம் ஏறியதும் அந்த ஓரம் அமுங்கும். ஒரு காகிதத்தை மேடைக்கும் சுற்றுவட்டத்துக்கும் நடுவில் வைத்து, ஓரத்தை 250 கிராம் எடையால் அழுத்திப் பாருங்கள், தண்டவாள முனை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். நடு அச்சை எவ்வளவு கனமாக்கினாலும் இது போகாது. மேடையின் விளிம்புக்கு அடியில் வட்டமாக ஒரு பட்டையும், மேடையோடு சுற்றுகிற நான்கு சின்ன பால் பேரிங்குகளும் வைத்தால் எடை அங்கே இறங்கும். தண்டவாள முனைகளின் மேல்விளிம்பை அரத்தால் கால் மி.மீ. சரித்துவிடுங்கள். நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்தாமல், மேடைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த ஊசி ஒரு குழியில் விழுந்து பூட்டும்படி செய்யுங்கள். குழியின் ஓரம் தேய்ந்து மேடை ஆடத் தொடங்கினால், மரத்தைத் துளைத்துக்கொண்டே போகாமல் அங்கே ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைப் பதியுங்கள்.